லூமுட்வரை நிறுத்தாமல்

என் வீட்டுக்காரருக்கு இளமையில் பெருமை இரண்டே விஷயத்தில். ஒன்று அவருடைய மீசை, இன்னொன்று அவருடைய மூத்திரப்பை. முகம் சுளிப்பவர்கள் இப்போதே சுளித்துக்கொள்ளலாம், இந்தக் கதை முழுக்க அதைப் பற்றித்தான். ஈப்போவிலிருந்து லூமுட்டுக்குச் சிமெண்ட் லோரி ஓட்டியவர் அவர். மற்ற ஓட்டுநர்கள் வழியில் போத்தாவில் ஒருமுறை, சித்தியவானில் ஒருமுறை என்று ஒதுங்குவார்களாம். இவர் லூமுட்வரை நிறுத்தாமல் போய், மூட்டை இறக்கிவிட்டு, நிறுத்தாமல் திரும்புவாராம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் தம்பியிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

நாற்பதைத் தாண்டியதும் இரத்தக்கொதிப்பு வந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லி நான் கத்தாத நாளில்லை. கேட்டால்தானே! கடைசியில் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. லோரியை விட்டு ஒரு கிடங்கில் ஜாகாவாக, காவல் வேலைக்குப் போனார். வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கும் போய்வந்தார். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது தண்ணீர்க் கணக்கு. உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை, அது நுரையீரலில் போய்த் தேங்கும், அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல்தான். தேநீர், சாம்பார், மோர் எல்லாம் அந்தப் போத்தலுக்குள் அடக்கம்.

ஈப்போ வெயில் தெரிந்தவர்களுக்கு இது என்ன தண்டனை என்று தெரியும். ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு அது கரையும்வரை யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த வேளையில் கூப்பிட்டால் கோபம் வரும். நானும் மகளும் அவர் முன்னால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு, அடுப்படியில் ஒளிந்து குடிப்போம். நாளடைவில் சிறுநீர் வருவது அடியோடு நின்றுபோனது. "இப்ப பார்த்தியா, வடக்கே கெடா வரைக்கும்கூட நிறுத்தாம போவேன் லா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று நான் சொன்னபோது, தெய்வம், தியாகி என்றெல்லாம் சொந்தக்காரர்கள் பேசினார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அந்தச் சின்னப் போத்தலைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பரிசோதனையில் பொருத்தம் இருந்தது. ஆனால் மனிதர் ஒப்பவில்லை. "உன் உடம்புல கத்தி வைக்கவா? ஆள விடு." வருடக்கணக்கில் இதே பாட்டுத்தான்.

மகளுக்குச் சுங்கை சிப்புட்டில் மாப்பிள்ளை அமைந்தபோதுதான் வழி பிறந்தது. "கல்யாணத்துல அப்பாதான் என் கையைப் பிடிச்சுத் தாரை வார்த்துக் கொடுக்கணும்" என்றாள். "அதுவும் மாலை நேரத்துல டயாலிசிஸ்ல இருந்து தள்ளாடி வர்ற அப்பா வேணாம். நல்லா இருக்கிற அப்பா வேணும். அதுவரைக்கும் கல்யாணம் வேணாம்." பிடிவாதத்தில் அவள் என்னைக் கொண்டவள். மறுவாரமே அவர் கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை கோலாலம்பூரில். கண் விழித்தபோது விலாவுக்குக் கீழே யாரோ உதைத்த மாதிரி வலி. மறுநாள் சக்கர நாற்காலியில் அவர் படுக்கைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைத்தான் பார்த்தேன். பை நிறைய, தே ஓ என்கிற பால் விடாத தேநீர் நிறத்தில், சிறுநீர். "தெங்கோக், கக்காக்! உங்க கிட்னி ரொம்ப ராஜின் லா!" என்றாள் மலாய்த் தாதி. பாருங்க அக்கா, உங்க கிட்னி ரொம்பச் சுறுசுறுப்பு என்கிறாள். நான் அந்தப் பையைப் பார்த்து ஓவென்று அழுதேன். தாலி கட்டிய அன்றைக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

குழாயை எடுத்த பிறகுதான் விவகாரம் தொடங்கியது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்கு ஓட்டம். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நான் பதறினேன். டாக்டர் அம்மா நிதானமாக விளக்கினார். மூத்திரப்பையும் தசைதான், வருடக்கணக்கில் வேலை கொடுக்காமல் விட்டதால் சுருங்கிவிட்டது, இப்போது அரை கிளாஸ்கூடத் தாங்காது. புதுச் சிறுநீரகத்துக்கோ நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். "பழகப் பழக விரியும். கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போடலாம், ஆனா வலிக்கிற அளவுக்கு அடக்கக் கூடாது" என்றார். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். இருந்த இரண்டு பெருமையில் மீசையைத்தான் மருத்துவமனையில் முதலிலேயே மழித்துவிட்டிருந்தார்கள்.

வீடு திரும்பும் நாளில் என் தம்பி கார் கொண்டுவந்தான். ரவாங்கில் நிறுத்தினோம். தஞ்சோங் மாலிமில் நிறுத்தினோம். அதன் பிறகு பெயர் தெரியாத ஓய்விடம் ஒன்றையும் விடவில்லை. "மச்சான், இந்த ஹைவேல இவ்வளவு தண்டாஸ் இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்றான் தம்பி. தாப்பாவில் வெளியே வந்தவர், கைகூடத் துடைக்காமல், பெரிய போத்தலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார். தண்ணீர் மோவாயில் வழிந்து சட்டையை நனைத்தது. கார் நிறுத்துமிடத்தில் அத்தனை பேர் முன்னால் நானும் என் போத்தலைத் திறந்து அவரோடு சேர்ந்து குடித்தேன். எத்தனையோ வருடமாக நாங்கள் ஒன்றாகத் தண்ணீர் குடித்ததில்லை.

வீட்டில் அவர் எனக்கு அடங்கிய பிள்ளையாக இருந்தார். மருந்து வேளை தவறாது. ஈப்போவுக்குப் பேர் வாங்கித் தந்த தம்புன் பொமேலோ, பம்பளிமாஸ் பழம், அந்த மருந்தோடு சேராது என்பதால், பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பழங்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன். ஈப்போவில் பொமேலோவைத் திருப்பி அனுப்பினால் என்ன பேச்சு வரும் என்பது ஈப்போக்காரர்களுக்குத்தான் தெரியும். அவர் உடம்பு தேறியது, முகத்தில் களை வந்தது, மீசையும் வந்தது. மூத்திரப்பைதான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

கல்யாணத் தேதி குறிக்கச் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். சுங்கை சிப்புட்டைத் தாண்டி, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் எழும்பிய தாமான் குடியிருப்பில் வீடு. கொல்லைப் பக்கம் பத்துப் பன்னிரண்டு ரப்பர் மரங்கள் மட்டும் வெட்டப்படாமல் மிச்சம். தேதி பேசிக்கொண்டிருக்கும்போதே இவர் இரண்டு முறை எழுந்து போனார். மூன்றாம் முறை கழிவறைக்குள் வேறு யாரோ இருந்தார்கள். காத்திருக்க முடியாமல் மனிதர் நேராக ரப்பர் மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். சம்பந்தியம்மா அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துவிட்டார்.

நல்ல மனுஷிதான், குத்திப் பேசவில்லை. தேதி குறிக்க வந்திருந்த ஐயரிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். பெண்ணின் தகப்பன் மணவறையில் உட்கார்ந்ததிலிருந்து தாலி கட்டும்வரை ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, நடுவில் எழுந்து போவது நன்றாக இருக்காது என்றார் ஐயர். "அப்ப மாமன்காரர் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்கட்டுமே? அண்ணனுக்கு ஏன் சிரமம்?" என்றார் சம்பந்தியம்மா. என் தம்பியும் சரி என்று தலையாட்டத் தொடங்கினான். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான். காரில் ஏறிய பிறகுதான் இவர், "எம் பொண்ணு கையை நான்தான் பிடிச்சுக் கொடுப்பேன்" என்றார். பெரியவர்கள் கட்டும் டயப்பர் ஒன்று இருக்கிறதே என்று தம்பி வாயைத் திறந்தான். "நான் லோரிக்காரன்டா" என்று இவர் கத்திய கத்தில் தம்பி அடுத்த சமிக்ஞை விளக்கில் தப்பான பக்கம் திரும்பினான்.

அன்றிலிருந்து பயிற்சி. கூடத்தில் மணைப்பலகையைப் போட்டு, வேட்டியோடு அவரை உட்கார வைப்போம். முதலில் அரை மணி நேரமே பெரும்பாடு. மகள் எதிரில் உட்கார்ந்து கதை சொல்வாள், பாட்டுப் போடுவாள், ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் லோரியை எடுப்பார். லஹாட், பூசிங், துரோனோ என்று ஒவ்வொரு ஊராக, எந்த வளைவில் எந்தக் கியர் என்பது உட்பட, நிறுத்தாமல் ஓட்டுவார். உதடு மட்டும் அசையும். அப்படி ஓட்டியே நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டினார். மாதாந்திரப் பரிசோதனையில் டாக்டர் அம்மா இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணத்தன்று உட்காரப் போகும் சற்று முன்னால் மட்டும் தண்ணீர் குடிக்காமல் இருக்கலாம், எழுந்ததும் ஈடுகட்டிவிட வேண்டும் என்று அனுமதியும் கொடுத்தார்.

எல்லாம் சரி, ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். தாரை வார்ப்பது என்றால் தண்ணீர் ஊற்றுவது. தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க, தாய் சொம்பிலிருந்து நீரை விட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அதையும் ஒத்திகை பார்த்தோம். மகள் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார், நான் சொம்பைச் சாய்த்தேன். தண்ணீர் தட்டில் விழுந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், மனிதர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பி வந்தவர் சிரிக்கவில்லை.

"உன் கிட்னி ஒழுங்கா வேலை செய்யுது. என் பைதான் மானத்தை வாங்குது. உன் தம்பியையே உட்காரச் சொல்லிரு."

எனக்கு வந்ததே கோபம். "என் கிட்னிய வாங்கி வெச்சுக்கிட்டு ஓடிப் போலாம்னு பார்க்கிறீங்களா? உட்காருங்க!" என்றேன். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி ஊற்றினேன். அந்த வாரம் முழுக்க எங்கள் கூடம் ஈரமாகவே கிடந்தது. ஊற்றும்போதெல்லாம் மகள், "ப்பா, போத்தா பாலம் வந்தாச்சு, கீழ பாருங்க, பேராக் ஆறு" என்று வேண்டுமென்றே வம்பிழுப்பாள். அதுவே அவருக்குப் பிடித்துப்போனது. தண்ணீர் விழும் இடத்தைப் போத்தா பாலமாக வைத்துக்கொண்டார். ஆற்றைத் தாண்டிவிட்டால் லூமுட் தூரமில்லை.

கல்யாணம் ஈப்போவில், கோயில் மண்டபத்தில். கிருமி தொற்றாமலிருக்கக் கட்டிய முகக்கவசத்தோடு மணவறைக்கு வந்தவர், உட்காரும்போது அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மீசை நன்றாகத்தான் இருந்தது. ஐயர் அன்றைக்கென்று எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பாட்டன் பூட்டன் பெயர்களை மூன்று முறை சொல்ல வைத்தார். எனக்கு ஐயர் மேல் எரிச்சலான எரிச்சல். இவர் கண்ணை மூடினார், உதடு அசையத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா என் காதில், "உங்க வீட்டுக்காரருக்கு மந்திரமெல்லாம் தெரியுமா?" என்றார். "கொஞ்சம் தெரியும்" என்றேன். எனக்குத் தெளிவாகக் கேட்டது, துரோனோவுக்கு அடுத்த ஊர், ஸ்ரீ இஸ்கண்டார்.

சொம்பைச் சாய்க்கச் சொன்னார்கள். சீக்கிரம் முடியட்டும் என்று நான் மொத்தமாகக் கவிழ்க்கப் பார்த்தேன். "மெதுவாம்மா, தாரை அறுபடக் கூடாது" என்றார் ஐயர். மெல்லிய தாரையாக விட்டேன். மகளின் விரல்களிலும் அவர் விரல்களிலும் பட்டுத் தட்டில் விழுந்தது. இத்தனை வருடம் அவருக்கு நான்தான் அளந்து அளந்து தண்ணீர் கொடுத்தேன். அன்றைக்கு அளவில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கால் கட்டைவிரல் மட்டும் மணையை அழுத்திப் பிடித்திருந்தது. மகள் குனிந்து, "ப்பா, போத்தா" என்றாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "தாண்டிட்டேன்மா" என்றார்.

ஆயர் தாவார், சித்தியவான் எல்லாம் கடந்து, மேளம் கொட்ட, மாப்பிள்ளை தாலி கட்டினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் இவர் வாய்விட்டே "லூமுட்!" என்றார். அருகிலிருந்தவர்கள் ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்து அட்சதையை வீசினார்கள்.

உடனே ஓடுவார் என்று நான் வழிவிட்டு நின்றேன். ஓடவில்லை. பிள்ளைகள் காலில் விழுந்தபோது இருவர் தலையிலும் கைவைத்தார், சம்பந்தியைக் கட்டிப்பிடித்தார், அதன் பிறகுதான் படியிறங்கினார். மண்டபத்துக்குப் பின்னால் ஆண்கள் கழிவறையில் நீண்ட வரிசை. நான் போத்தலோடு கொஞ்சம் தள்ளி நின்றேன். முன்னால் நின்ற என் தம்பி விஷயம் தெரிந்தவன், மற்றவர்களை விலக்கிக்கொண்டே, "மச்சான், வாங்க வாங்க, முதல்ல போங்க" என்று கத்தினான். வரிசை முழுவதும் ஒதுங்கி வழிவிட்டது.

என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பரவாயில்ல லா. நீங்கள்லாம் போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.