பாத்ரூம் மக்கில் குடியிருந்தது

கல்யாணமாகி இருபத்தைந்தாவது ஆண்டுக்கு நானும் மனைவியும் அந்தமான் போயிருந்தோம். அலையில்லாத ஒரு விரிகுடாவில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டி எங்களைக் குப்புற மிதக்கவிட்டார்கள். பவளத்தில் கால் வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, மீனுக்குத் தீனி போடக் கூடாது என்று படகுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கடலை எப்போதும் உயரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அதற்கு உள்ளே ஒரு ஊர் இருப்பது தெரிந்தது.

திரும்பும்போது மனைவி இரண்டு கண்ணாடிகளையும் மூச்சுக்குழல்களையும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

"இத்த வச்சி ராயபுரத்துல இன்னா பண்ணப்போற?" என்றேன்.

"நம்ம கடல்ல பாக்கப்போறேன்."

"நம்ம கடல்ல இன்னா கீது? கவரும் செருப்பும்தான் கீது."

"இறங்கிப் பாத்தியா நீ?"



மாசியில் கடல் தெளிந்தது. திருவொற்றியூரில் கரை அரிக்காமலிருக்க, பெரிய பாறைகளைக் கொட்டிக் கடலுக்குள் தூண்டில் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள். இரண்டு வளைவுகளுக்கு நடுவே தண்ணீர் குளம்போல் நிற்கும். என்னோடு பள்ளியில் படித்த மீனவ நண்பனிடம் ஃபைபர் படகு இருந்தது. ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் அவனோடு போனோம். எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"மாமு, மீன் வோணும்னா காசிமேட்டுக்குப் போ. இங்க இன்னாத்துக்கு மூஞ்ச உள்ள வுடுற?"

லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கினோம். முதலில் பச்சைக் கலங்கல்தான் தெரிந்தது. கண் பழகியதும் பாறை முழுக்கப் பச்சை ஆளிச் சிப்பிகள், இடுக்குகளில் கறுப்புக் கோடு போட்ட குட்டி மீன்கள். ஒரு நண்டு எங்களைக் கண்டதும் பக்கவாட்டில் ஓடிப்போய், பிறகு மெல்ல எட்டிப் பார்த்தது. பாறையில் கால் படாமல் கைகளைக் கட்டிக்கொண்டு மிதந்தேன். குழாயைக் கடித்துக்கொண்டே சிரித்ததில் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

மனைவி ஒரு வெங்காயப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தொடாதே என்றது உயிருள்ளதைத்தானே, குப்பையை எடுக்கலாம் என்பது அவள் கணக்கு. கவர்கள், அறுந்த நைலான் வலைத்துண்டு என்று பை நிறைந்துகொண்டே வந்தது. கடைசியாகப் பாறையிடுக்கில் கைக்கெட்டும் ஆழத்திலிருந்து ஒரு நீல பாத்ரூம் மக்கை உருவி மேலே தூக்கினாள்.

உள்ளேயிருந்து பழுப்பாக ஒரு கை நீண்டு அவள் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தது.

அவள் போட்ட கூச்சலில் நண்பன் படகிலேயே எழுந்து நின்றான். "பேய்க்கணவாய்! வுடாத தங்கச்சி, இப்டி குடு! வறுத்தா சூப்பரா இருக்கும்!"

அதற்குள் அவள் மக்கைத் தண்ணீருக்குள் தாழ்த்திவிட்டாள். முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். மக்கின் உட்சுவரில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. அவற்றின் மேல் எட்டுக் கைகளையும் விரித்தபடி, அந்த ஆக்டோபஸ் எங்களை முறைத்துக்கொண்டிருந்தது.

"அது வூடுண்ணா இது," என்றாள் மனைவி. "புள்ளத்தாச்சி வூட்ட தூக்கினு வந்துட்டேன்."

நண்பன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பிறகு, "சரி, எட்த்த எடத்துலயே வச்சிரு. அலைல உருளப்போவுது," என்றான்.

நான்தான் வைத்தேன். மேலிருந்து கையை விட்டால் சரியாகச் செருக முடியாது என்று, ஜாக்கெட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்து முங்கினேன். கிரேனில் எத்தனையோ டன் பெட்டிகளை அங்குலம் பிசகாமல் இறக்கியிருக்கிறேன். அந்த ஒரு மக்குக்கு இரண்டு தடவை முங்க வேண்டியிருந்தது. முதல் தடவை வாய் கீழ்ப்பக்கம் திரும்பிவிட்டது. அடுத்த தடவைதான் அது முன்பு இருந்தபடியே இடுக்கில் உட்கார்ந்தது. விலகி வந்து பார்த்தால், உள்ளேயிருந்து ஒரு கை வந்து பக்கத்திலிருந்த கூழாங்கல்லை இழுத்து வாசலில் வைத்துக்கொண்டது. நாங்கள் போகட்டும் என்று கதவைச் சாத்துகிறாளாம்!

மேலே வந்து சொன்னேன். நண்பன் நம்பவில்லை. "எங்க, அத்த குடு," என்று என் கண்ணாடியையும் குழாயையும் பிடுங்கி மாட்டிக்கொண்டு குதித்தான். நாங்கள் இருவரும் படகில் ஏறி உட்கார்ந்து, கொண்டுவந்த பன்னைத் தின்று முடித்தோம். அவன் இன்னும் குப்புற மிதந்துகொண்டுதான் இருந்தான்.