டெஸாவின் இருமலும் நீல ஹியூமிடிஃபயரும்

மின்னசோட்டாவின் வடக்கே அந்தச் சுரங்க ஊரில் யாருக்குக் குழந்தை பிறப்பதாக இருந்தாலும் பள்ளி நர்ஸ் அய்லி கிவேலா ஒரே பரிசைத்தான் கொண்டுபோவாள்: நீல நிற ஹியூமிடிஃபயர். ஆறு மாதம் அடுப்பெரிகிற வீடுகளில் காற்று காய்ந்து பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும். தண்ணீர் ஊற்றி வைத்தால் அந்தப் பெட்டி இரவெல்லாம் ஈரப்புகை விடும். அய்லி, சுரங்கத் தொழிலாளி வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள். படிப்பை ஊருக்குத் திருப்பித் தர அவளுக்குத் தெரிந்த வழி இந்தப் பரிசு.

அவளோடு பள்ளியில் படித்த டார்லாவின் மகள் டெஸாவுக்கு ஆறு வயது. மூன்று குளிர்காலமாக இருமல். சைனஸில் சீழ் கட்டி நெற்றியெல்லாம் வலி. நான்கு முறை ஆன்டிபயாடிக். மார்ச்சுக்குள் தணியாவிட்டால் மூக்குக்குப் பின்னாலுள்ள சதையை எடுத்துவிடலாம் என்றார் டுலூத் நகரத்து டாக்டர். மயக்க மருந்து என்று கேட்டதிலிருந்து டார்லாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, நர்ஸ் அறைக் கட்டிலில் காலாட்டிக்கொண்டே டெஸா சொன்னாள்: "மிஸ், அப்பாவோட மீன் குடிசையில ரெண்டு நாள் தூங்குனேன். இருமவே இல்ல."

உறைந்த ஏரியின் மேல், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிற பலகைக் குடிசை, விறகுப் புகை, மீன் வாடை. அங்கேயா இருமவில்லை? அய்லிக்கு உறுத்தியது. சாயங்காலமே டார்லா வீட்டுக்குப் போனாள்.

"அங்க இல்லாதது இங்க என்னடி இருக்கு?"

"கக்கூஸு."

பிள்ளையின் அறையில் அய்லி கொடுத்த நீலப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. அய்லி அதைத் திறந்தாள். உள்ளே இளஞ்சிவப்பில் வழவழவென்று பாசி, மூடியில் கறுப்புப் புள்ளிகள்.

"இதை எப்பக் கழுவுன?"

"கழுவணுமா? உள்ள இருக்கறதே தண்ணிதானே. ஊத்தினா போதும்னு நீதானடி சொன்ன?"

அய்லிக்குக் காது சூடேறியது. ஆமாம், அவள்தான் சொன்னாள். பெட்டியோடு வரும் குறிப்புத் தாளை இந்த ஊரில் யார் பிரிக்கிறார்கள்? அவள் அம்மாவே பிரித்ததில்லை. கல்லூரிக்குப் போய் அதையா மறந்தாள்?

"இதனாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இன்னைக்கே நிறுத்து."

கொதித்து ஆறிய நீரில் உப்புப் பொடி கலந்து இருவேளையும் டெஸாவின் மூக்கைக் கழுவினார்கள். "நான் என்ன மீனா?" என்று அவள் கத்தினாள். அய்லியோ வினிகரும் பிரஷுமாக, நீலப் பெட்டி கொடுத்த மற்றப் பதினான்கு வீடுகளுக்கும் நடந்தாள்.

"குடுத்ததைப் பிடுங்க வந்துட்டியா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"இல்ல, தேய்க்க வந்தேன். நான் சொல்லாம விட்டது."

மார்ச்சில் டுலூத்திலிருந்து டார்லாவின் போன் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள்.

"கத்தி வேண்டாமாம்டி. அடுத்த குளிர்காலத்துல மறுபடி பாத்துக்கலாமாம்." பிறகு குரல் தேறியது. "ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கு அடுத்த பிள்ளை பிறந்தா, நீ போர்வை கொண்டு வா."