இரண்டாம் படத்தில் இறந்தவள்

அந்த உளவாளிப் படத்தொடரில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் படத்திலிருந்து, முதல் நாள் முதலில் எடுப்பது கதாநாயகனை அல்ல. சுவரில் தொங்கும் அவன் மனைவியின் புகைப்படத்தைத்தான். ரசிகர்கள் ‘அண்ணி’ என்று உருகும் அந்தப் பெண் உயிரோடுதான் இருந்தாள். ஸ்டுடியோவுக்குப் பின்தெருவில், ஒரு மாடி அறையில், பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டு.

முதல் படத்தின்போது அவள் உடைப் பிரிவில் தையல்காரி. நடிக்க வேண்டியவள் வராத அன்று, உடை இவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியதால் இவளையே வாசலில் நிறுத்தினார்கள். உளவாளியை வழியனுப்பும் ஒரே காட்சி. தியேட்டரே விசும்பியது! அடுத்த படத்தில் படம் முழுக்க வேடம் என்றார்கள். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குப் பிரசவம். கவனிக்க வேறு நாதியில்லை. "ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொறுப்பார்கள் என்று நம்பினாள், பாவி மகள்.

திரும்பி வந்தபோது கதையில் அவளைக் கொன்று சுவரில் மாட்டியிருந்தார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது. அதன்பின் அந்த உளவாளியின் கோபம், தனிமை, பழிவாங்கல் எல்லாவற்றுக்கும் அவள் சாவே காரணமாயிற்று. உளவாளியாக நடித்தவர்கள் மாறினார்கள், புகைப்படம் மாறவில்லை.

"எனக்குப் பிள்ளை பொறந்த நேரம், நீ செத்துட்ட" என்பாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

போன மாதம் புது இயக்குநர் படியேறி வந்தான். "அடுத்த படத்துல அண்ணி சாகவே இல்லைன்னு கதை பண்ணியிருக்கேம்மா. நீங்கதான் வரணும்."

அன்றிலிருந்து அவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. தலைக்குச் சாயம் பூசலாமா என்று அக்காவைத் துளைத்தெடுத்தாள்.

"பூசாதடி. செத்துப் பொழைச்சவ கொஞ்சம் நரைச்சுதான் இருப்பா!"

நேற்று அவன் மறுபடி வந்தான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"விநியோகஸ்தர் யாரும் ஒத்துக்கலம்மா. அண்ணி உயிரோட வந்துட்டா ஹீரோ எதுக்குப் பழிவாங்க ஓடறான்னு கேக்கறாங்க. முதல் ரெண்டு படத்துல போட்ட அஸ்திவாரம். அதுல கை வச்சா எல்லாமே சரிஞ்சிடுமாம்."

"உயிரோட இருக்கறவள எத்தனை தடவைப்பா சாகடிப்பீங்க?" அக்கா பொரிந்து தள்ளினாள்.

அவன் தலை குனிந்தான். "வீட்டு ஓனரம்மா வேஷம் ஒண்ணு இருக்கு. சின்னதுதான்..."

"அந்தப் போட்டோ மாட்டின வீடா?" என்றாள் இவள்.

"ஆமாம்மா."

"வேண்டாம் தம்பி. என் வீட்டுலயே நான் வேற யாரோவா வந்து நிக்கணுமா?"

அவன் இறங்கிப் போனான். அக்காவுக்கு அன்று கிண்டல் வரவில்லை.

"அப்ப நீ என் பிரசவத்துக்கு வராம இருந்திருக்கணும்டி."

"வராம இருந்திருந்தா உம் புள்ளையக் குளிப்பாட்டினது யாரு? பேசாம போக்கா."

சொல்லிவிட்டாள். ஆனால் அதை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை.