‘அனைவருக்கும்’ என்ற கட்டத்தில் நான் போடாத டிக்

வலைச்சேவையை எழுதுகிறவர்களுக்குப் பேர் கிடைக்கும். அதை வெளியிட அமைப்புப் பக்கத்தில், அதாவது செட்டிங்ஸில், கட்டம் கட்டமாக நிரப்புகிறவனுக்கு வசவுதான் கிடைக்கும். நான் இரண்டாம் வகை. உங்களில் யாராவது அந்தப் பக்கத்தின் முன் உட்கார்ந்திருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

இந்த வேலைக்கு வந்த கதையை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலில் எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தட்டிகளைக் கிழித்தார்கள். அடுத்து, துண்டறிக்கை அடித்துத் தந்த அச்சகத்தாரை மிரட்டினார்கள். மூன்றாவதாக, ஒலிபெருக்கிக்கு அனுமதி மறுத்தார்கள். நான்காவதாக, மனைப்பட்டா விசாரணைத் தேதிகளைத் தாலுகா அலுவலகப் பலகையில் ஒட்டி, மறுநாளே அதன்மேல் வேறொன்றை ஒட்டினார்கள். ஐந்தாவதுக்குக் காத்திராமல், பலகையில் இருப்பதை நாங்களே எழுதி வந்து, மனு எண்ணைத் தட்டினால் தேதி சொல்லும் சேவை ஒன்றைத் தொடங்கினோம். அதை உருவாக்கியவர் செல்வி. கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். வெளியிடும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் துண்டறிக்கை வெளியிட்டவனுக்கு இது என்ன பிரமாதம் என்ற திமிர்.

முகவரி

முகவரிக் கட்டத்தில் ஏற்கெனவே ஏதோ இருந்தது. தட்டிப் பார்த்தேன், திறந்தது. அன்றே வேறு அச்சகம் பிடித்து, அந்த முகவரியைப் போட்டு ஆயிரம் நோட்டீஸ் அடித்து, கீரனூர் பஸ் ஸ்டாண்டில் கை வலிக்கக் கொடுத்தேன். அது சோதனை முகவரியாம்; எங்கள் அலுவலகக் கணினியைத் தவிர வேறெங்கும் திறக்காதாம். அச்சடித்த பிறகு சரிபார்ப்பது எங்கள் இயக்கத்தின் பழைய வியாதி. டீக்கடை முருகையா மட்டும் பாராட்டினார்: “நோட்டீசு நல்ல பேப்பரு தோழரே, வடை மடிக்கத் தாங்குது.”

காத்திருக்கும் நேரம்

பதில் வராவிட்டால் எத்தனை நொடி காத்திருக்கலாம் என்று ஒரு கட்டம். முப்பது என்று போட்டிருந்தது. ஒரு மனுவுக்குப் பதினோரு வருடம் காத்திருந்தவனிடம் முப்பது நொடிக் கணக்கா? பத்து நிமிடம் என்று மாற்றினேன். பதில் வராத கேள்விகள் எல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, மொத்தச் சேவையும் நின்றுபோனது. செல்வி பஸ்ஸிலிருந்தே போனில் கத்தினார்: “இது உண்ணாவிரதம் இல்ல தோழர். பதில் வரலைன்னா விட்டுட்டு அடுத்த ஆளைப் பாக்கணும்.”

அனுமதி

யார் பார்க்கலாம்? ‘அனைவருக்கும்’ என்று ஒரு கட்டம். ‘பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும்’ என்று இன்னொன்று. முதல் கட்டத்தில் டிக் போடச் சொல்லித்தான் செல்வி தாளில் எழுதித் தந்திருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மொட்டைக் கடுதாசி எழுதாதவன் நான். உரிமை கேட்கிறவர் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் சொல்லிவிட்டு நிமிர்ந்து கேட்கட்டும் என்று இரண்டாவதில் டிக் போட்டேன்.

இரண்டு வாரம் ஒருவரும் உள்ளே வரவில்லை. ஜனங்களுக்கு முதுகெலும்பு இல்லை என்று ஒரு துண்டறிக்கையே எழுதினேன். படித்துப் பார்த்த செல்வி பழைய தாளை எடுத்து நீட்டினார்: “பயப்படுறவங்களுக்குத்தானே தோழர் இதைச் செஞ்சோம்?” அன்றே டிக்கை மாற்றினேன். அதற்குள் ஒருத்திக்குக் காலம் கடந்துவிட்டது.

ஆஜராகவில்லை

சின்னப்பொண்ணு, கொடும்பாளூர்ப் பக்கம் நாற்று நடுகிறவர். இருபது வருடமாகக் குடிசை போட்டிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு மனுப் போட்டிருந்தார். அதே மனையைத் தனது என்கிற மிராசுதாரின் வயலில்தான் அவருக்குக் கூலி வேலை. மருமகளின் போனில் எங்கள் சேவையைத் திறந்திருக்கிறார். பெயர் கேட்டதும், மிராசுக்குத் தெரிந்துவிடும் என்று மூடிவிட்டார். விசாரணை நாள் போனது. ‘மனுதாரர் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி’ என்ற தாளோடு சங்கத்துக்கு வந்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்; அவர் கேட்டது இதுதான்: “பேரு கேக்காமத் தேதியச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்லங்கய்யா?”

தீர்மானம்

மேல்முறையீட்டோடு, அவருக்குத் தேதி தெரியாமல் போனதற்குக் காரணம் காட்டி, சங்கத் தீர்மான நகல் வைக்க வேண்டும் என்றார் வக்கீல். ‘அமைப்பில் ஏற்பட்ட குறைபாட்டால்’ என்று நான் எழுதிக் கொடுத்தேன். அந்த மாதிரி வாக்கியத்தை அதிகாரிகள் எழுதியபோதெல்லாம் மேடை போட்டுக் கிழித்தவன் நான். செயலாளர் பாக்கியம் பேனாவை மூடிவிட்டார். “செட்டிங்கு தானாவா மாறிச்சு தங்கராசு தோழர்? யாரு போட்டதுன்னு எழுதாட்டி இந்தத் தாளை அங்கிட்டு ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க.” சொல்லிவிட்டு அவரே எழுதினார், கையெழுத்துப் போட இரண்டு சாட்சிகளை எழுப்பி நிற்க வைத்தார்.

நாற்பது வருடம் குற்றவாளிகளின் பெயரை மைக்கில் வாசித்த நான், சின்னப்பொண்ணுவும் இரண்டு சாட்சிகளும் கேட்க, மைக் இல்லாமலே தெளிவாக வாசித்த பெயர்: கீரனூர்க் கிளை, மு. தங்கராசு.