ஆட்டோவுக்குள் ஒரு வாய்ச் சோறு

பத்து வயது முடிந்த பிறகும் மாமா சோறு ஊட்டிச் சாப்பிட்டவள் நான். அதுவும் தெருவில், ஓடாத ஆட்டோவுக்குள் உட்கார்ந்து. இன்றைக்கு நினைத்தாலும் மானம் போகிறது. நானாக ஆசைப்பட்டுச் செய்ததில்லை, அம்மாவின் உத்தரவு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சென்னை அடையாறில் எங்களோடுதான் இருந்தார். ஊரடங்கு வந்ததும் அவருடைய ஆட்டோ வாசலில் நின்றுவிட்டது. முதல் வாரம் தினமும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியைத் துடைத்தார். அப்புறம் துடைப்பதும் நின்றது, குளிப்பதும் நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்தது. மன அழுத்தம் என்ற சொல்லையெல்லாம் அப்போது நான் கேள்விப்பட்டதில்லை. சரியான சோம்பேறி மாமா என்றுதான் நினைத்தேன்.

அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். "மாமா ஆட்டோல குந்தவெச்சி ஊட்னாதான் துன்னுவேன்னு அடம் புடி. உனக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய். அவன் துன்னலன்னா நீயும் வாயத் தொறக்காத."

அடம் பிடிக்க எனக்குச் சொல்லியா தரவேண்டும்? மாமா முனகிக்கொண்டே எழுந்து வருவார். எதிர்வீட்டுப் பையன்கள் மாடியிலிருந்து, "பாப்பாக்கு மம்மு வேணுமாம்" என்று கத்துவார்கள். பத்து நாள் பொறுத்தேன். அடுத்த நாள், போதுமடா சாமி என்று நானே போட்டுச் சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பினால், மாமா நிற்கிறார். குளித்து, காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

"இன்னா மேடம், சவாரி வர்லியா?"

"நான் துன்ட்டேன்" என்றேன்.

"சரி" என்று மாமா சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். குக்கரில் தனக்கென்று இருந்த சோற்றை வழித்துத் தட்டில் போட்டு, "பொய் சொல்லுதுடா. இட்டுக்கினு போய் ஊட்டு" என்றாள்.

தொண்டைவரை நிறைந்த வயிற்றோடு அழுதுகொண்டே விழுங்கினேன். மாமா சிரித்தபடி எனக்கு ஒரு வாய், தனக்கு இரண்டு வாய் என்று தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசற்படியில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தன் சோறு போய்விட்டதே என்று அழுகிறாள், பாவம், என்று கடைசி உருண்டையைக் கையில் வாங்கி அவளிடம் ஓடினேன். அதற்குப் போய் அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஏன் இன்னும் அதிகமாக அழுதாள் என்பதுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.