நாரைக்குக் காவலிருந்த தையல்காரி

எங்கள் தையல்காரிக்கு நாரை என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியே வேறு கதை ஓடுகிறது. ஏரிக்கரையில் அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு 'பறவைகளின் தாய்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தாயாவது, மண்ணாவது! நான் அவள் கடையில் பல வருடமாகக் காஜா போடுகிறவள். அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரே அண்ணன். ஏரிக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் அவருக்குச் செங்கல் சூளை, அதை ஒட்டியே மாடி வீடு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் சூளையோரத்து வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போய்விடும். அந்தப் பெருமழை வருடம் வாய்க்கால் பொங்கி, சுடாமல் அடுக்கியிருந்த கல்லெல்லாம் கரையத் தொடங்கியது. மனிதர் யோசிக்கவே இல்லை. ஆட்களை விட்டு மண்மூட்டை அடுக்கி வாய்க்காலை அடைத்துவிட்டார். தண்ணீர் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தது.

இவள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய் அவர் கதவைத் தட்டினாள். நானும் கூடப் போயிருந்தேன். மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, மூட்டைய எடுக்கச் சொல்லுங்க. மெஷினெல்லாம் முழுகப் போகுது!"

"தண்ணிக்குத் தன் வழி தெரியும். நீ போய் உன் வேலையப் பாரு" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவள் புருஷன் கடைக்குள் விழுந்து கிடந்தார். ஓவர்லாக் மெஷினை மேசைமேல் தூக்கி வைக்கப் பார்த்து, சேற்றில் வழுக்கி, முதுகெலும்பு போய்விட்டது. அடுத்த மழைக்காலம் வரை படுக்கையிலேயே கிடந்து செத்துப்போனார். சாவுக்கு அண்ணன் மலர்வளையத்தோடு வந்தார். இவள் அதை வாசலிலேயே வாங்கி, துணி வெட்டும் கத்தரியால் நறுக்கி, துண்டுகளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு அண்ணனைத் தலைமுழுகினாள். பேச்சில் வந்தால்கூட 'சூளைக்காரர்' தான்.

அதற்கப்புறம்தான் ஏரியை அகலப்படுத்தும் திட்டம் வந்தது. வெள்ளத்தைப் பிடித்து நிறுத்த இன்னும் இடம் வேண்டும், பழைய கரையை உடைத்துவிட்டுத் தள்ளிப் புதுக்கரை போட வேண்டும் என்றார்கள். அதற்கு இரண்டே வழி. ஒன்று, வடக்கே இருக்கும் நாணல் காட்டைத் தோண்டி எடுப்பது. இல்லாவிட்டால், தெற்கே சூளையையும் மாடி வீட்டையும் ஏரிக்குள் சேர்த்துக்கொள்வது. பொதுக்கூட்டத்தில் பறவைகளைக் கணக்கெடுக்க வந்திருந்த ஒரு பெண் எழுந்தார். நாங்கள் அவரைப் பறவை மேடம் என்போம்.

"நாணல்ல செந்நாரை கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சா, அந்தப் பக்கம் யாரும் கை வைக்க முடியாது. இந்தப் பருவம் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

தையல்காரி என் கையைப் பிடித்து நெரித்தாள். "கேட்டியாடி? அது குஞ்சு பொரிச்சா, அந்த ஆள் வீடு தண்ணிக்குள்ள."

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாளே கையால் சுற்றும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டாள். குடையை நட்டு, அதற்கடியில் உட்கார்ந்து தைப்பாள். கண் மட்டும் நாணலிலேயே இருக்கும். ஆளும் மாடும் உள்ளே போகாமலிருக்க, வெட்டி மிஞ்சிய சிவப்புத் துணியை நாடா நாடாவாகக் கிழித்து, கயிறு கட்டி, நாணலைச் சுற்றித் தொங்கவிட்டாள். தையல்காரி புத்தி வேறெப்படிப் போகும்? காற்றடித்தால் அத்தனையும் படபடவென்று ஆடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வந்திருந்த நாரைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன.

பறவை மேடம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க கட்டின துணிதான் அதுங்கள விரட்டுது!"

தையல்காரி நாரைகளின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். திட்டிக்கொண்டே முழங்கால் சேற்றில் இறங்கி, நாடாக்களை எல்லாம் அவிழ்த்தாள். அப்புறம் பள்ளிச் சீருடைக்கு வந்திருந்த காக்கித் துணியை எடுத்தாள். காய்ந்த நாணலின் நிறம்தானே அது! நீளமாக ஒட்டுப்போட்டுத் தைத்து, கரையோரம் திரையாக இழுத்துக் கட்டினாள். போகிற வருகிற ஆள் பறவை கண்ணில் படக்கூடாதாம். சீருடை கேட்டு வந்த பெற்றோர் என்னைத்தான் வறுத்தெடுத்தார்கள். "அக்கா ஏரியில இருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

நாரைகள் திரும்பி வந்தன. சூளைக்காரரும் சும்மா இருப்பாரா? ஒரு காலை வேளையில் அவர் ஆட்கள் அரிவாளோடு வந்தார்கள். மாட்டுக்குத் தீவனம் அறுக்கிறார்களாம். இவள் எழுந்து கத்தரியைக் கையில் எடுத்தாள்.

"நாணல்ல கை வெச்சீங்க, சட்டையத் தைக்கிற மாதிரி உங்களத் தைக்க வேண்டி வரும். யாருக்கு முதல்ல அளவு எடுக்கட்டும்?"

வந்த வழியே போய்விட்டார்கள்.

கடைசியில் அவரே வந்தார். காக்கித் திரைக்கு அப்பால் குஞ்சுகள் கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது. "பாப்பா, அது நம்ம அப்பா கட்டின வீடு. நீயும் அங்கதான பொறந்த?" என்றார். பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. இவள் தலை நிமிரவில்லை. மெஷின் சக்கரத்தை மட்டும் வேகமாகச் சுற்றினாள். அவர் போன பிறகு பார்த்தால், சட்டையின் இரண்டு கையையும் சேர்த்து ஒன்றாகத் தைத்து வைத்திருந்தாள்.

முடிவு தெற்கே என்று வந்தது. சூளையை இடித்தார்கள், வீட்டை இடித்தார்கள். இவள் கடையைப் பூட்டிவிட்டுப் போய், கடைசிச் சுவர் விழும்வரை நின்று பார்த்தாள். "இப்பத்தான் வயிறு குளிர்ந்தது" என்றாள்.

புதுக்கரைத் திறப்பு விழாவில் அவளை மேடையேற்றி, பறவை மேல் இவ்வளவு அன்பு எப்படி வந்தது என்று கேட்டார்கள். மைக்கைப் பிடித்து உள்ளதைச் சொன்னாள்: "அன்பெல்லாம் ஒண்ணும் கிடையாது. எங்க அண்ணன் வீடு முழுகணும்னுதான் காவல் இருந்தேன்." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என்ன நகைச்சுவை என்று பெரிய மனிதர்கள் கை தட்டினார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

புது வீடு கட்டும்வரை அவர் வாடகைக்கு வந்த இடம் எங்கள் தெருதான். வேறெங்கும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த வருடமும் மழை பேயாய்க் கொட்டியது. சாயங்காலம் கடையில் விளக்குப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தோம். யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். திறந்தேன். தலையோடு கால் நனைந்து அவர் நின்றிருந்தார்.

"பாப்பா, ஏரி ரொம்பி வருதாம். இங்க தண்ணி வந்துடுமா? சாமானெல்லாம் தரையில கிடக்கு…"

தெருவில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அவர் வீடு நின்ற இடத்தில் அது ஆள் உயரத்துக்கு நின்றது.

அவள் மெஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பல வருடம் கழித்து அன்றுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

"தண்ணிக்குத் தன் வழி தெரியும். நீங்க போய் உங்க வேலையப் பாருங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, கதவைச் சாத்தச் சொன்னாள்.