வரப்போகிற சட்டமும் பூட்டிக் கிடந்த ட்ரோனும்

"சட்டம் வந்திட்டுதாமே, பிள்ளை?"

அந்த மார்கழி மாதம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே சுதாஜினி களைத்துப் போனாள். பாண் வாங்கப் போன கடையில் கேட்டார்கள். பிள்ளையார் கோயிலில் திருநீறு கொடுத்துக்கொண்டே ஐயர் கேட்டார். "இன்னும் வரேல்லை. கொண்டு வரப்போறம் எண்டுதான் பேப்பரில போட்டிருக்கினம்" என்று அவள் விளக்குவாள். கேட்டவர் பொறுமையாகத் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப வந்திட்டுதுதானே" என்பார்.

அக்கராயனில் வயலுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு மருந்தடிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். தகப்பன் வீரையா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். பிறர் காணிகளில் கூலிக்கு நின்று, கடைசியில் குளத்துக்குக் கீழே தனக்கென்று கொஞ்ச வயல் கண்டவர். சுதாஜினி பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் சேர்ந்தாள். கொளுத்தும் வெயிலில் பாரமான கவச அங்கியோடு முழங்காலில் இருந்து, மண்ணைப் பதமாகச் சுரண்டுகிற வேலை. அங்கே கை நீட்டுவதற்கும் விதி, எழும்பி நிற்பதற்கும் விதி. முகக்கவசத்தை உயர்த்தி வியர்வை துடைத்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த விதிகளை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இரண்டு காலோடும் வீட்டுக்கு வந்ததற்கு அவைதான் காரணம் என்று அவளுக்குத் தெரியும்.

வெடி குறைந்தது, ஆட்களையும் குறைத்தார்கள். அந்த நேரத்தில்தான் ஏதோ ஒரு திட்டத்தின் கீழ் ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்கு ட்ரோன் கிடைத்தது. ஓட்டப் பழகுவதற்கு ஆள் தேடினார்கள். இளந்தாரிகளைப் பழக்கினால் அடுத்த மாதமே கனடாவுக்கோ கட்டாருக்கோ போய்விடுவார்கள் என்று அமைப்புக்குப் பயம். சுதாஜினி கேட்டாள், கொடுத்தார்கள். பயிற்சி முடித்து, அப்போதிருந்த முறைப்படி அனுமதிப் பத்திரமும் எடுத்தாள். கணவன் கிருசாந்தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மெசினை ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவான். முதுகில் தாங்கியைச் சுமந்து, மருந்தைச் சுவாசித்து, பின்னேரம் சத்தியெடுத்துக்கொண்டு படுக்கிற ஆண்கள் முதலில் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த போகத்தில் அவர்களே வந்து முறை கேட்டு நின்றார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ட்ரோன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் புதிதாகப் பதிய வேண்டும், அதற்குக் கட்டணம். ஓட்டுபவருக்குத் தனிக் கட்டணம். எழுத்துச் சோதனை, பறக்கவிட்டுக் காட்டும் செய்முறைச் சோதனை, வைத்தியச் சான்றிதழ். பார மெசின்களுக்கு எல்லாமே பல மடங்கு. கீழே சின்ன எழுத்தில், இவை உத்தேச விதிகள் மட்டுமே, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று இருந்தது. அந்தச் சின்ன எழுத்தை அக்கராயனில் வாசித்தது சுதாஜினி மட்டும்தான் போலும்.

அமைப்பின் செயலாளர் குகதாசன் ட்ரோனைக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டினார். திறப்பு அவருடைய சட்டைப்பையில்.

"அண்ணை, இது இன்னும் சட்டமில்லை. என்ர அனுமதி செல்லும்" என்றாள்.

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. மாத்தினாத்தானே சொல்லுவினம்!"

"அப்ப ஆரும் சொல்லட்டும். பொலிஸ் மெசினைத் தூக்கிக்கொண்டு போனா நானல்லோ வழக்குக்குக் கோடேறோணும்? சட்டம் வரட்டும் பிள்ளை. வந்த பிறகு முறைப்படி பறக்க விடுவம்."

"வந்தால் சோதனை பாஸ் பண்ணும்வரைக்கும் பறக்க ஏலாது. வராட்டி, வரப்போகுதெண்டு பறக்க ஏலாது. அப்ப எப்பதான் அண்ணை பறக்கிறது?"

குகதாசன் யோசித்தார். "அதைத்தான் நானும் கேக்கிறன்" என்றார்.

அந்தக் கிழமையே பொன்னையாவின் வயலில் அறக்கொட்டி விழுந்தது. பொன்னையா யாழ்ப்பாணப் பக்கமிருந்து குடியேற்றத்திட்டத்தில் வந்த குடும்பம். சுதாஜினியிடம் முதன்முதலில் மருந்தடிக்கச் சொன்ன மனுசன். பயிரை விலக்கிக் காட்டினார். தண்டின் அடியில் பூச்சி அப்பிக் கிடந்தது. ஒரு மூலை ஏற்கெனவே மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தது. தாங்கி சுமக்க ஆள் தேடினால், சுமக்கக்கூடியவர்கள் எல்லாம் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள்.

சுதாஜினி கிளிநொச்சிக்குப் போய் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். ஒருவர் இது விவசாயம் என்றார். விவசாயக் கந்தோரில் இது ஆகாயம் என்றார்கள். இன்னொரு இடத்தில், "ட்ரோனோ? அது பாதுகாப்பு விசயமல்லோ" என்று கதவைப் பார்த்தார்கள். கொழும்பிலுள்ள தலைமைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தாள். சிங்களத்தில் ஏதோ சொல்லி, பாட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். பாட்டு முடிந்ததும் இணைப்பும் முடிந்தது. திரும்ப எடுத்தாள். அதே பாட்டு. மூன்றாம் முறை பாட்டு தொடங்கியவுடனேயே போனைக் கதிரையில் எறிந்தாள்.

வவுனியாவில் ஒரு கருத்தறியும் கூட்டம் வைக்கிறார்கள் என்று அறிந்து, விடிய வெளிக்கிட்டு பஸ் ஏறினாள். மண்டபத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் கலியாண வீட்டுக்கு ட்ரோனால் படம் பிடிக்கிற பெடியன்கள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி கோட் போட்டிருந்தார். தமிழ் ஆள், மரியாதையானவர். திரையில் விமான நிலையத்தைக் காட்டினார், திருவிழாக் கூட்டத்தைக் காட்டினார். கூட்டத்துக்குள் ட்ரோன் விழுந்து ஒரு பிள்ளையின் கண் போகப் பார்த்த கதையைச் சொன்னார். சோதனை வேண்டும்தான் என்று சுதாஜினிக்கும் பட்டது. வயல் எங்காவது காட்டுவார் என்று காத்திருந்தாள். காட்டவில்லை.

கேள்வி நேரம் வந்ததும் எழும்பினாள்.

"சேர், சோதனை எந்த இடத்தில?"

"இப்போதைக்குக் கொழும்பில. கருத்துச் சொன்னால் பரிசீலிப்பம்."

"என்ர மெசின் மருந்தடிக்கிறது. தாங்கியோட சேர்த்தால் ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கோணும். அதையும் கொண்டு வரோணுமோ?"

"ஓம். செய்முறைச் சோதனைக்கு அந்த வகை மெசின் வேணும்."

"சோதனையில பறக்க விடுறதுக்கு அனுமதிப் பத்திரம் வேணுமோ?"

"கட்டாயம். அது இல்லாமல் எங்கயும் பறக்கக் கூடாது."

"அதை எப்ப தருவீங்கள்?"

"சோதனை பாஸ் பண்ணின..." என்று தொடங்கிய அதிகாரி நிறுத்தினார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "நல்ல கருத்து. குறிச்சுக்கொள்ளுறன்" என்றார்.

சுதாஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குறித்துக்கொள்கிற நேரத்தில் பொன்னையாவின் வயலில் இன்னொரு பாத்தி மஞ்சளாகிக்கொண்டிருக்கும்.

"அதை ஆறுதலா எழுதுங்கோ சேர். இண்டைக்கு நான் பறக்கலாமோ, கூடாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"தாராளமாப் பறக்கலாம். புது விதி வந்து அமுலாகும்வரைக்கும் பழைய அனுமதி செல்லும். இதில என்ன சந்தேகம்?"

"அதை ஒரு துண்டில எழுதித் தாங்கோ."

"எழுதித் தர எனக்கு அதிகாரமில்லை, அக்கா. ஆனால் செல்லும்."

"எழுதாததை நான் ஆருக்குக் காட்டுறது?" என்று கத்திவிட்டு அவள் பொத்தென்று கதிரையில் இருந்தாள். பக்கத்தில் இருந்த சுமன் என்ற படப்பிடிப்புக்காரன் தோளைத் தட்டினான்.

"அக்கா, ஏன் கத்துறியள்? நான் முழுக்க வீடியோ எடுத்தனான். அனுப்பி விடவோ?"

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கொஞ்சம் பயந்துதான் போனான்.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே குகதாசன் வீட்டுக்குப் போய், குசினிக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மனுசனின் கையில் போனைக் கொடுத்தாள். குகதாசன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். 'தாராளமாப் பறக்கலாம்' என்ற இடத்தைத் திரும்பவும் போடச் சொன்னார்.

"இவர் பெரிய ஆளோ, பிள்ளை?"

"கோட்டைப் பார்த்தால் தெரியேல்லையோ?"

"எழுதித் தரேல்லைத்தானே..."

"அண்ணை!"

அந்த ஒரு சொல்லில் இருந்த சூட்டுக்கு, குகதாசனின் மனைவி சுமித்திரா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "திறப்பைக் குடுங்கோப்பா. அந்தப் பிள்ளை நாள் முழுக்க அலைஞ்சு வந்து நிக்குது" என்றார். குகதாசன் திறப்பை எடுத்தார். ஆனால் பொலிஸ் வந்தால் இந்த வீடியோவைத் தானே காட்டப்போவதாகச் சொல்லி, தன் போனுக்கும் அனுப்பச் சொன்னார்.

அடுத்தநாள் காலை, காற்று எழும்புவதற்கு முன்னரே பொன்னையாவின் வயலுக்கு மருந்தடித்து முடித்தாள். பொலிஸ் வரவில்லை. வரம்பால் சைக்கிள் உருட்டிப் போன ஒருவர் நின்று பார்த்தார், போனார். பூச்சி செத்து விழுந்தது. ஆனால் அந்த மூலையும் அதையொட்டிய பாத்திகளும் வைக்கோல் நிறத்தில் கருகிவிட்டன.

"போன கிழமை அடிச்சிருந்தால் இதையும் காப்பாத்தியிருக்கலாம், என்ன?" என்றார் பொன்னையா. குற்றமாகச் சொல்லவில்லை, ஆனாலும் அவளுக்குச் சுர்ரென்றது. யாரோடு கோபிப்பது என்று தெரியாமல் மருந்துத் தாங்கியை வேண்டியதற்கு மேலாகக் கழுவினாள்.

தன் கருத்தை அவள் எழுதியும் அனுப்பினாள். சோதனை வையுங்கள், எழுதுகிறேன். ஆனால் கிளிநொச்சியில் வையுங்கள், தமிழில் வையுங்கள், வயலுக்கு மருந்தடிப்பவர்களைக் கலியாண வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று எழுதினாள். பதிலாக, கருத்துச் சொல்லும் கடைசித் திகதி பிற்போடப்பட்டிருப்பதாக ஓர் அறிவித்தல் வந்தது. அதாவது, சட்டம் இன்னும் கொஞ்சக் காலத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

தை பிறந்த பிறகு, இணையத்தில் கிடைத்த ஆங்கிலக் கேள்விகளை ஒரு பக்கமும் அகராதியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு அவள் படிக்கத் தொடங்கினாள். லான்ட்மாஸ்டரைக் கழுவிக்கொண்டிருந்த கிருசாந்தன் கேட்டான்:

"வராத சோதனைக்கு ஏனப்பா இப்பவே மினக்கெடுறீர்?"

"வரும். வரேக்க முதல் ஆளாப் பாஸ் பண்ணுவன். பண்ணிப்போட்டுத்தான் இந்தச் சோதனை பிழை எண்டு கத்துவன். இப்ப கத்தினால், பயத்தில கத்துறாள் எண்டுவினம்."

அவன் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு வந்து, அவள் தோளுக்கு மேலால் தாளை எட்டிப் பார்த்தான்.

"என்ன கேட்டிருக்கினம்?"

"இரவில ஓடுபாதை ஓரத்தில எரியிற விளக்கு என்ன நிறமெண்டு."

"எங்கட வயல் வரம்பில ஏது விளக்கு?"

"கிருசாந்தன்," என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "போய் வாகனத்தைக் கழுவும்."